ஆணி வைத்து மூடிய காப்பு

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். எந்த ர எங்கே வரும் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு கையில் இருந்தது சுத்தியலும் இடுக்கியும்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பட்டறைக்கு வருகிறவர்களிடம்கூடத் தலையைக் குனிந்துகொண்டுதான் பேசுவேன். வேலையில் கவனமாக இருக்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

காரிமங்கலத்தில் சந்தைக்குப் போகிற சாலையோரம் என் பட்டறை. வெள்ளி வேலைதான் அதிகம். தங்கம் கொண்டுவருகிற ஆட்கள் எங்கள் பக்கம் குறைவு.

சண்டைக் காலம். மழை பொய்த்துக் கேழ்வரகு கருகிப்போன வருஷம் சுற்று ஊர்களிலிருந்து பல பேர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். அப்படிச் சேர்ந்த ஒருவர் புறப்படுவதற்கு முன் தம் தாயாரையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். கிழக்கே ஒரு சிற்றூர்க் குடியானவர்கள். கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை என்பது அந்தப் பெண்ணின் புடவையைப் பார்த்தாலே தெரிந்தது.

தாயார்தான் பேசினார்.

"ஆசாரி, எம் மவன் பட்டாளத்துக்குப் போறான். மாரியாத்தாளுக்கு நேந்துட்டேன். அவன் திரும்பி வர்ற வரைக்கும் இவ கையில வெள்ளிக் காப்பு கெடக்கணும். வந்த மறுநாளே கழட்டி உண்டியல்ல போட்டுருவோம்."

அந்த ஊர்ப் பக்கம் இப்படி நேர்ந்துகொள்வது உண்டு. ஊரைவிட்டுப் போகிறவர் திரும்பும்வரை காப்பு கையைவிட்டு இறங்கக் கூடாது. இடையில் இறங்கினால் போனவருக்கு ஆகாது என்பார்கள்.

"வழக்கமா ரெண்டு முனைக்கும் நடுவுல வாய் விட்டுத்தாங்க செய்யறது" என்றேன்.

"வாய் விட்டா ஆவாது. பொறந்த வூட்டுக்குப் போனதும் கழட்டி அடுப்பு மேடையில வெச்சிட்டு மறந்துருவா. இவளுக்குப் பொறந்த வூட்டு நெனப்பு ஜாஸ்தி."

"ஆமாமா, ரெண்டு நாளு நான் போனா களி கிண்ட ஆளில்லாம ஆள் மேல ஆள் வுடறது யாராம்?" என்றாள் மருமகள்.

மகன் சிரித்தார். "ஆணி வெச்சே மூடிருங்க ஆசாரி. நான் வர்றதுக்குள்ள இவங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டாலும் காப்பு கெட்டியா இருக்கட்டும்."

தாயார் கீழே உட்கார்ந்து தம் கால் தண்டைகளைக் கழற்ற ஆரம்பித்தார். எத்தனை வருஷமாகக் கிடந்தனவோ, எளிதில் வரவில்லை. எண்ணெய் கொடுத்தேன். கழன்ற இடத்தில் கணுக்கால் வெளுத்து, வேறு யாருடைய காலோ போல இருந்தது.

அந்தத் தண்டைகளைத் துண்டாக்கி மூசைக் கிண்ணத்தில் போட்டு, வெண்காரம் தூவி, துருத்தி ஊதி உருக்கினேன். பழைய காலத்துச் சுத்த வெள்ளி. அப்படியே அடித்தால் மெழுகு மாதிரி வளைந்துபோகும். கையில் நிற்க வேண்டுமென்றால் செம்பு சேர வேண்டும், பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக. எண்ணெய் தடவிய அச்சில் ஊற்றினேன். ஆறியதும் கம்பியாக அடிக்கத் தொடங்கினேன். கொஞ்சம் அடித்ததும் வெள்ளி விறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் அடித்தால் வெடித்துவிடும். மறுபடி தீயில் மங்கலாகச் சிவக்கவிட்டு, ஆற வைத்து, பிறகுதான் அடிக்க வேண்டும். நடுவில் சுண்டுவிரல் கனம் இருக்கட்டும் என்று அந்தத் தாயார் சொல்லியிருந்தார். மேலே சின்ன உளியால் வேப்பிலை வரிசை வெட்டினேன். புளித்தண்ணீரில் போட்டு எடுத்து, பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்ததும் காப்பு பால் போல வெளுத்தது.

மறு சந்தைக்கு வந்தார்கள். போட்ட கையில் தீ வைத்துப் பற்றவைக்க முடியாது. அதனால் இரண்டு முனைகளையும் பாதியாகத் தட்டி மெலிதாக்கி, ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து, துளை போட்டு வைத்திருந்தேன். அவள் இடது கையைக் கட்டைமேல் வைத்தாள். காப்புக்கும் தோலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இரும்புத் தகட்டைச் செருகி, துளையில் வெள்ளி ஆணியைப் பொருத்தித் தட்டினேன். கூசுகிறது என்று அவள் சிரித்தாள். கை ஆடாமல் இருக்க அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சாலையில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று அவளுக்கு வெட்கம்.

ஆணியின் தலையை அரத்தால் ராவி வழவழப்பாக்கினேன். ஓர் இலையின் காம்பு முடிகிற இடத்தில் அது மறைந்துபோயிற்று. வாய் எங்கே என்று இனி என்னைத் தவிர யாராலும் சொல்ல முடியாது.

அவர் போய்விட்டார். ஆரம்பத்தில் கடுதாசி வந்துகொண்டிருந்ததாம். பிறகு பர்மாப் பக்கம் அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அடுத்த வருஷம் நிலக்கடலை பிடுங்குகிற சமயம், ஒரு சந்தை நாள் காலையில், பட்டறை முன்னால் மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. வைக்கோல்மேல் அந்தப் பெண் படுத்திருந்தாள். பக்கத்தில் மாமியார். முதல் நாள் பொழுது சாயும்போது கடலைக்கொடியைப் பிடுங்கியவளை விரியன் விரலில் கடித்திருக்கிறது. ஊரில் மந்திரிக்கிறவரிடம் ராவெல்லாம் வைத்திருந்துவிட்டு, விடிந்த பிறகு தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். வழியில் என்னைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள்.

கை கையாக இல்லை. முழங்கை வரை வீங்கி, தோல் பளபளவென்று மின்னியது. காப்பு சதைக்குள் புதைந்து வேப்பிலை கொஞ்சம்தான் வெளியே தெரிந்தது. அதற்குக் கீழே விரல்கள் நாவல் பழ நிறம்.

"இத எடுங்க ஆசாரி" என்றார் மாமியார்.

கண்ணை மூடிக்கிடந்தவள் அதைக் கேட்டதும் விழித்தாள். "வாணாம். அவுரு இன்னும் வரல."

"அம்மிணி, கை செத்துரும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"செத்தா சாவட்டும். அறுத்தீங்கன்னா அவுரு வரமாட்டாரு. அறுக்காதீங்கண்ணா, உங்க கால்ல வுழறேன்." எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அதற்குள் சந்தைக் கூட்டம் வண்டியைச் சுற்றிக்கொண்டது. "அம்மனுக்கு நேந்த காப்பு, தொடாதய்யா" என்றார் ஒருவர். நான் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாராவது ஒருவர் செய் என்று அழுத்திச் சொன்னால் ஒழிய நான் எதையும் செய்கிற ஆள் இல்லை.

மாமியார் வண்டியிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றார். நேர்ந்துகொண்டவரே அவர்தான். "நேந்தவ நான். அறுக்கச் சொல்றவளும் நான். ஆத்தா கேட்டா எங்கிட்ட கேக்கட்டும். எம் மவன் எங்க கெடக்கறானோ, இருக்கறானோ இல்லியோ, எனக்குத் தெரியல. இவ எங் கண்ணு முன்னால கெடக்கறா. அறுய்யா!"

வண்டியில் ஏறினேன். ஆணியைத் தட்டி எடுக்க வேண்டுமென்றால் அடியில் தகடு செருக வேண்டும். நூல் நுழையவும் இடமில்லை. மேலிருந்து அரத்தால் ராவுவதைத் தவிர வழியில்லை. ஆணி இருந்த இடம் சதைக்குள் மூழ்கியிருந்ததால், வெளியே தெரிந்த கனத்த பகுதியிலேயே ராவ வேண்டியதாயிற்று. மாமியார் அவள் தலையைத் தம் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் கத்தினாள். பிறகு கத்தவும் இல்லை. அரம் சூடேறாமல் இருக்க வண்டிக்காரர் செம்பிலிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். எத்தனை ராவினாலும் வெள்ளி குறைகிற மாதிரி தெரியவில்லை. நன்றாக அடித்துக் கெட்டிப்பட்ட வெள்ளி.

"ஆசாரி, தூளச் சிந்தாம அள்ளிக்கப்பா" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தட்டார் தூளைத் திருடுவார் என்று எப்போதும் சொல்வதுதான்.

அறுந்ததும் இரண்டு குறடுகளால் பிடித்து விரித்தேன். காப்பு வந்துவிட்டது. காப்பு கிடந்த பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. ரத்தம் திரும்பி விரல்களுக்கு ஓடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நிறம் மாறவில்லை. வண்டி போய்விட்டது.

உயிர் பிழைத்தாள். கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நேர்ந்த காப்பு செய்ய என்னிடம் யாரும் வரவில்லை. பட்டாளத்துக்காரன் ஆயுசை அரத்தால் அறுத்தவன் என்று பேசிக்கொண்டார்கள். மாமியார் மட்டும் சந்தை நாளில் பட்டறைக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

"கடுதாசி வந்துதுங்களா?" என்பேன்.

"இல்ல."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு தடவை மட்டும், "தூக்கம் வருதா ஆசாரி ஒனக்கு?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "எனக்குந்தான்" என்று எழுந்து போனார்.

சண்டை முடிந்து வெகு நாள் கழித்து அந்தப் பட்டாளத்துக்காரர் திரும்பி வந்தார். பல் கொட்டி, மலைக்காய்ச்சலில் வற்றி, ஆனால் உயிரோடு. மாமியார் சந்தைத் தெருவில் ஓடிவந்து சொன்னபோது, நான் துருத்திப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து அவரும் மனைவியும் பட்டறைக்கு வந்தார்கள். அவள் இடது கையை முந்தானையில் சுற்றியிருந்தாள். வலது கையால் இடுப்பிலிருந்து காப்பை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"உண்டியல்ல போடப் போனோம். பூசாரி வாங்கல. அறுபட்டது ஆத்தாளுக்கு ஆவாதாம்" என்றார் அவர். காப்பை என் பக்கம் தள்ளினார். "உருக்கிப் புதுசா ஒண்ணு பண்ணிக் குடுங்க. பாலக்கோட்டுப் பக்கம் எனக்குப் பொண்ணு பாத்திருக்குது. தை மாசம் கல்யாணம்."

அவளைப் பார்த்தேன்.

"ஒத்தக் கையில களி கிண்ட முடியுதுங்களா, களை எடுக்க முடியுதுங்களா?" என்றாள், அவருக்காகப் பேசுகிறவள் போல. "அவுரு என்னா பண்ணுவாரு? நாந்தான் பாக்கச் சொன்னேன். அத்தைதான் இது வாணான்னு மூணு நாளா சோறு திங்காம கெடக்குது. நீங்க உருக்குங்க."

அவர் காப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். "லேசா இருக்குதே ஆசாரி. எங்கம்மாவோட தண்டை இதவிட கனமாச்சே."

நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "மிச்சம் வண்டி வைக்கோல்ல போச்சு. மாடு தின்னுருக்கும்." சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

பீடி பற்றவைக்க அவர் சாலைக்குப் போனார். அவள் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, அவ கைக்கு ஆணி வெக்காதீங்க. யாரு சொன்னாலும் வெக்காதீங்க. வாய் தொறந்தே இருக்கட்டும்."

உருக்கினேன். அடித்தேன். இலை வெட்டவில்லை, வெறும் காப்பு. முனைகளை உருட்டி மழுக்கி, ஒரு விரல் நுழைகிற அளவு இடம் விட்டேன். வாங்க வந்தபோது அவர் மூடச் சொன்னார். வெள்ளி போதவில்லை என்றேன். அதிலேயே மூடியிருக்கலாம். மூடவில்லை.

விரோதி வருஷம், கார்த்திகை மாதம் ஏழாம் தேதி எழுதியது.