கடைசி பெஞ்சு மரோலோப்

என் அண்ணன் மரோலோப் சியாகியானுக்குக் கடவுள் கொடுத்தது ஒரு மகளையும் ஒரு தொண்டையையும்தான். மகள் ரோத்துவா தங்கமான பெண். தொண்டைதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

தோபா ஏரிக்கரையில் எங்கள் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும், யாரும் சொல்லித்தராமலே நாலு குரலாகப் பிரிந்து பாட ஆரம்பித்துவிடுவார்கள். அண்ணன் அடிக்குரல். சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவன் எடுத்தால் முன்பெஞ்சுக்காரர்களுக்கு முதுகு அதிரும். வேத வசனம் ஒன்றும் அவனுக்கு நினைவில் நிற்காது. பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுவான். அவன் சர்ச்சுக்குப் போனதே பாடத்தான். போதாதா? பாதிப் பேர் ஊர்வம்பு பேச வருகிறார்கள், அவர்களை யார் கேட்டது?

மேடான் நகரத்திலிருந்து புதுப் போதகர் வந்தார். பெயர் தோகார் சிஹோம்பிங். மீசைகூடச் சரியாக முளைக்காத வயது. நல்ல பிள்ளைதான், ஆனால் வரும்போதே ஒரு கீபோர்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். கீபோர்டு குடுகுடுவென்று ஓடும், அண்ணன் தன்பாட்டுக்கு இழுப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் கையை உயர்த்தி, பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"கடைசி பெஞ்சுல இருக்குற ஐயா, கொஞ்சம் மெதுவா. வாத்தியம் கேக்கல."

சபை சிரித்துவிட்டது. அண்ணன் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனான்.

சாலையைத் தாண்டினால் தியூர் அம்மாவின் கள்ளுக்கடை. அடுத்த ஞாயிறு அங்கே உட்கார்ந்து, அதே ஞானப்பாட்டை அதே இழுவையோடு பாடினான். அடிக்குரல்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே நகர்ந்தார்கள். போதகர் கள்ளைத் திட்டிப் பிரசங்கம் செய்தார். அட, அவர்கள் என்ன குடிக்கவா போனார்கள்? அந்தப் பிரசங்கத்தைக் கேட்டு ரோஷப்பட்டு இன்னும் சில ஆண்கள் சாலையைத் தாண்டினார்கள். சர்ச்சில் எங்கள் பெண்களின் குரல் மட்டும் அஸ்திவாரம் இல்லாத வீடு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ரோத்துவாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது.

"நான் சர்ச் வாசல்லயே நிக்குறேன். முடிஞ்சதும் வெளிய வாங்க," என்றான் அண்ணன்.

"அப்பா உள்ள வரலைன்னா நானும் வரல. மாப்பிள்ளை தனியா நின்னு கட்டிக்கட்டும்," என்றாள் மகள்.

அப்பன் பிடிவாதம் அப்படியே மகளுக்கு. தாயில்லாப் பெண், அப்பாவின் பாட்டில்லாமல் புகுந்த வீடு போவதா? கல்யாணம் நெருங்கியும் இருவரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. நேரே போதகர் வீட்டுக்குப் போனேன்.

"போதகரே, நீங்க சிஹோம்பிங் குலத்துல எந்தக் கிளை?"

எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்ததும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது. போதகராயிற்றே என்ற மரியாதையில் ஒருத்தரும் கேட்காமல் விட்டுவிட்டோம், முட்டாள்கள்! அவர் அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா என்று சொல்லிக்கொண்டே போனார். என் கணவரும் சிஹோம்பிங்தான். அவருடைய பூட்டன் பெயர் வந்ததும் நான் தொடையைத் தட்டினேன்.

"அடேய், நீ எனக்கு மகன் முறைடா!" மரியாதை அந்த நிமிஷமே பறந்துவிட்டது.

"அப்படியா பெரியம்மா?" என்று சிரித்தான்.

"சிரிக்காத. எங்கண்ணன் மரோலோப் உனக்கு யாரு?"

யோசித்தான். சிரிப்பு மெல்ல வடிந்தது. "தாய்மாமா."

எங்களில் பெண் கொடுத்த வீடுதான் உசத்தி. தாய்மாமன் முன்னால் குரலை உயர்த்தவே கூசுவோம். இவனோ சபை நடுவில் மாமன் வாயை அடைத்திருக்கிறான்.

"பெரியம்மா, எங்கம்மா காதுக்குப் போயிட வேணாம். தோலை உரிச்சுடுவாங்க."

"போகாது. நாளைக்குக் கல்யாண வீட்டுக்கு வா. பெண் எடுத்த நம்ம சிஹோம்பிங் வீட்டு ஆம்பளைங்கதான் அங்க கறி வெட்டணும், வெங்காயம் உரிக்கணும். அங்கியை வீட்டுல வெச்சுட்டு வா."

வந்தான். என் கணவர் பன்றிக்கறி வெட்ட, இவன் ஒரு கூடை வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் வெளியே வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"போதகர் இங்க என்ன பண்றாரு?"

"போதகர் வரலண்ணே. இவன் உன் மருமகன்," என்று முறையைச் சொன்னேன்.

மருமகன் மாமனுக்கு அடங்கவேண்டும் என்றால், மாமன் மருமகனைக் கடிந்து பேசக் கூடாது. அதுவும் எங்கள் வழக்கம்தான். அண்ணன் வசமாக மாட்டிக்கொண்டான்.

"கத்தியை அப்படிப் புடிச்சா விரல் போயிடும், மருமகனே," என்று உறுமிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக் காட்டினான். சர்ச்சைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் கல்யாணத்துக்கு அண்ணன் சர்ச்சுக்குள்ளேயே வந்துவிட்டான். ஆனால் முன்னால் பெண்ணின் அப்பாவுக்குப் போட்டிருந்த இடத்துக்குப் போகாமல், கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். கள்ளுக்கடைக் கூட்டமும் அவன் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தது. பாட்டு தொடங்கியது. அண்ணன் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். அவன் எடுக்காமல் மற்றவர்களும் எடுக்கவில்லை. ரோத்துவா பூச்செண்டோடு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

போதகர் கையை உயர்த்தி, பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

பாவி, மறுபடியுமா!

அவர் கீபோர்டு வாசித்தவரை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பின்னால் பார்த்தார்.

"கடைசி பெஞ்சுல இருக்குற மாமா, கொஞ்சம் சத்தமா. நீங்க இல்லாம எங்க பாட்டுக்கு அஸ்திவாரமே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் தொண்டையைச் செருமினான். பிறகு எடுத்தான் பாருங்கள், ஜன்னல் கண்ணாடி கடகடவென்றது. ரோத்துவா அழுகையோடு சிரித்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்தாள்.

அடுத்த ஞாயிறு தியூர் அம்மா சர்ச்சுக்கு வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என்னடி அதிசயம், மழை கொட்டப்போகுது!" என்றேன்.

"கடையில ஈ ஓட்டிக்கிட்டிருக்கேன். பாடுறவன் எல்லாம் இங்க வந்துட்டான். எனக்கு மட்டும் காது இல்லையா?"

பின்னால் அண்ணன் எடுத்தான். எங்கள் பெஞ்சு அதிர்ந்தது. தியூர் அம்மா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.