அவளையும் கூட்டிக்கொண்டு ஓடுகிறவள்

பஞ்சுவின் இரண்டு கைகளும் ஒரு முதியவரின் முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் இருந்தன. "இப்ப இடது பக்கம் திருப்பப் போறேன்யா. ஒண்ணும் ஆகாது." சொன்ன பிறகுதான் திருப்பினாள். முதுகு சிவக்கவில்லை என்று பார்த்துவிட்டு, விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிட்டாள். படுத்திருப்பவரைச் சொல்லாமல் தொட்டால் அவர் உடம்பு இறுகிவிடும். திருப்புகிறவளின் இடுப்பு போய்விடும். அதனால் எதையும் சொல்லிவிட்டுத்தான் செய்வாள்.

பஞ்சு என்பது வார்டு வைத்த பெயர். கட்டுப்போடும் அறையில் பஞ்சும் கையுமாகத் திரிந்ததில் ஒட்டிக்கொண்டது. மாலையில் அவள் மருத்துவமனை ஊழியர் கால்பந்து அணியில் முன்வரிசை ஆட்டக்காரி. ஓட்டத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனாலும் பந்து அவள் காலுக்கு வருவதில்லை. எங்கே போனாலும் அவளைத் தடுக்கவென்று பக்கத்தில் ஒருத்தி ஒட்டிக்கொண்டு நிற்பாள். பயிற்சியில் அந்த ஒருத்தி, சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அவளுடைய நாத்தனார்.

அன்று மாலை அணித் தலைவியான ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வாயிலிருந்து விசிலை எடுத்தாள்.

"பஞ்சு, நாளைக்குக் காலைல மேட்ச். இன்னைக்கு உன் நாத்தனார்கிட்டருந்து ஒரு தடவையாவது கழண்டு காட்டு. இல்லேன்னா வெளியிலதான் உக்காரணும்."

"நான் ஓடலையாக்கா?"

"ஓடுற. அவளையும் கூட்டிக்கிட்டு ஓடுற."

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். பஞ்சுவுக்குச் சுருக்கென்றது. அவளுக்கென்று இருப்பது இந்த மைதானம் ஒன்றுதான். மிச்சப் பொழுதெல்லாம் அடுத்தவர் உடம்புக்கும் வீட்டு அடுப்புக்கும் போய்விடுகிறது. மறுபடி ஓடிப் பார்த்தாள். மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"எப்படிடி கண்டுபிடிக்கிற?"

"நீங்கதான் சொல்லிடுறீங்களே அண்ணி! போற பக்கத்தை மொதல்ல பாக்குறீங்க, தோளைத் திருப்புறீங்க, அப்புறம்தான் கால் எடுக்குறீங்க. நோயாளியைத் திருப்புற மாதிரியேதான். எனக்கு வேலையே இல்ல."

சொல்வதுதான் பழக்கம் என்றால் பொய் சொல்லிப் பார்ப்போம் என்று பஞ்சு முடிவு செய்தாள். இடப்பக்கம் தலையை ஆட்டிவிட்டு வலப்பக்கம் பாய்ந்தாள். நாத்தனார் ஏமாறவில்லை, கூடவே வந்தாள்.

"தலை மட்டும் போகுது அண்ணி, உடம்பு இங்கயே நிக்குது. யாரு நம்புவா? எங்க அண்ணன் வேணா நம்புவாரு."

அடுத்த முறை பஞ்சு வேகத்தைக் குறைத்தாள். இடக்காலை அழுத்தி ஊன்றி, தோளைச் சாய்த்து, "இங்க போடு!" என்று இடப்பக்கம் கையும் காட்டினாள். நிஜமாகவே போகிறவள்போல எடை முழுவதும் அந்தக் காலில். நாத்தனார் அந்தப் பக்கம் அடி எடுத்து வைத்ததும், ஊன்றிய காலையே உதைத்து வலப்பக்கம் பறந்தாள். இருவருக்கும் நடுவே ஒரு கட்டில் போடலாம்போல இடம் விழுந்தது. பந்து நேராக அவள் காலுக்கு வந்தது.

"அடப்பாவமே, அண்ணி!" என்றாள் நாத்தனார், புல்லில் உட்கார்ந்தபடி.

"நாளைக்கு நீ இறங்குற," என்றாள் தலைவி.

மறுநாள் காலை எதிரணியின் தடுப்பாட்டக்காரி நல்ல உயரம். பஞ்சுவின் சட்டையை உரசிக்கொண்டே நின்றாள். தோள் சாய்ந்ததை ஒருமுறை நம்பினாள், மறுமுறை நம்பவில்லை. பஞ்சு அலட்டிக்கொள்ளாமல் இடுப்பில் கை வைத்து, களைத்தவள்போல நடந்தாள். உயரமானவள் பந்து எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். அது போதும். பஞ்சு அவள் முதுகுப்பக்கமாக நழுவி முன்னால் பாய்ந்தாள். பந்து வந்தபோது சுற்றிலும் யாருமில்லை. ஓங்கி அடித்தாள். கோல்காப்பவள் விரல்நுனியால் வெளியே தள்ளிவிட்டாள்.

"பரவால்ல அண்ணி, இன்னொண்ணு!" என்று பின்னாலிருந்து நாத்தனார் கத்தினாள்.

கார்னர் அடிக்க மூலையில் பந்து வைக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டே பஞ்சு அந்த உயரமானவளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.