ஸ்கேனுக்கு முந்தின நாள்

வேலூரில் ஒரு ஸ்கேன் மையத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைத் துளி அளவு ஊசியில் போடுவோம். புற்றுநோய்க்குச் சர்க்கரை மீது பேராசை. உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும் அதைத் தின்றுவிட்டுப் படத்தில் மினுங்கும்.

அம்மாவுக்கு நுரையீரலில் கட்டி. பீடி பிடித்தவர் அப்பா. அவர் நன்றாக இருக்கிறார். கட்டி பரவாமல் இருந்தால் ஆபரேஷன், பரவியிருந்தால் கிடையாது. அதைப் பார்க்கத்தான் ஸ்கேன்.

முன் தயாரிப்புக்கு ஆறு குறிப்புகள் எழுதி ஆரணியில் அம்மா வீட்டுச் சுவரில் ஒட்டினேன். ஆறு மணி நேரம் பட்டினி. இனிப்பு கூடாது. நான்காவது: முந்தின நாள் நடக்கவோ, மாடி ஏறவோ, பளு தூக்கவோ கூடாது.

படத்தில் அம்மாவின் தொடைகளும் தோள்களும் விளக்குப் போட்டது போல எரிந்தன. உழைத்த தசையும் சர்க்கரை தின்னும். டாக்டர் என்னிடம் அம்மா கபடி ஆடுவாரா என்று கேட்டார். இந்த வெளிச்சத்துக்குள் பரவல் ஒளிந்திருந்தால் தெரியாது, மறுபடி எடுக்க வேண்டும் என்றார்.

அம்மாவிடம் விசாரித்தேன். ஆபரேஷன் நடந்தால் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்று, முந்தின நாள் காலையிலிருந்து தறியில் உட்கார்ந்து பாதியில் இருந்த சேலையை நெய்து முடித்திருக்கிறாள்.

"நாலாவது படிச்சியாம்மா?"

"படிச்சேன். நடக்காதேன்னு எழுதினே. நான் எங்க நடந்தேன்? உக்காந்துகினுதானே இருந்தேன்."

தறிக்குழிக்குள் காலை விட்டு மிதித்து மிதித்து நெய்வது எங்கள் தெருவில் யாருக்கும் உடற்பயிற்சி இல்லை. எனக்கும் அது எழுதும்போது தோன்றவில்லை. அங்கேதான் வளர்ந்தேன்.

நான்கு நாள் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தோம். அவளுக்கு அது பெரிய பேஜார். பிறகு இரண்டாவது ஸ்கேன். தொடை அணைந்திருந்தது. தோளும் அணைந்திருந்தது. கழுத்தடியில் இடது காறையெலும்புக்கு மேல் அரிசி அளவில் ஒரு புள்ளி மட்டும் அணையவில்லை. முதல் படத்தில் தோளின் வெளிச்சம் அதை மறைத்திருந்தது. ஊசியால் குத்தி எடுத்துச் சோதித்தார்கள். பரவியிருந்தது. ஆபரேஷன் ரத்து, மாத்திரை ஆரம்பம்.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். சுவரில் இருந்த குறிப்புகளைப் பார்த்தாள்.

"அப்போ படுக்க வேணாம். அடுத்த சேலைய ஆரம்பிக்கலாம் இல்ல?"

டாக்டரைக் கேட்டேன். முடிந்த வரை நெய்யலாம் என்றார். மூன்று மாதத்தில் அடுத்த ஸ்கேன். சுவருக்குப் போய் ஏழாவதாக எழுதினேன்: முந்தின நாள் தறியில் உட்காரக் கூடாது.