சிவப்பு முனையில் மொய்த்தவை

எங்கள் தெருவில் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். காலையில் ஜன்னலைத் திறந்ததும் அழுகிய முட்டை மாதிரி கருஞ்சேற்று நாற்றம். பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். நான் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு நின்றேன். "உங்களுக்கு மூக்குலயும் கோளாறு வந்துடுச்சா?" என்றாள் மனைவி. கோளாறு இல்லை. அந்த நாற்றத்தில்தான் என் உத்தியோகமே இருந்தது.

ஹைதராபாத்தில் பாதிப் பேர் கணினி வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், நான் ஓர் அரசு ஆய்வகத்தில், ஜீடிமெட்லாவுக்கு அப்பால் இருந்த ஒரு ஏரியின் சேற்றைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்துவைத்துக் காத்துக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் ஜாடியை அசைக்கக் கூடாது. துணி கட்டி மூடியிருப்பதால் வருகிறவர்கள் ஊறுகாய் என்று நினைப்பார்கள். திறந்து காட்டினால் மறுபடி வரமாட்டார்கள்.

அந்தச் சேற்றில் ஒரு வகை பாக்டீரியா உண்டு. இரும்பை உடம்புக்குள் சேர்த்து, நுண்ணிய காந்தப் படிகங்களாக்கி, மணி கோத்ததுபோல் வரிசையாக வைத்துக்கொள்ளும். அந்தச் சரம்தான் அதற்குத் திசைகாட்டி. நம் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் வடக்கே போகப் போகக் கீழே சாய்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நீந்தினால் சேறு வந்துவிடும். யாரிடமும் வழி கேட்காமல் வீடு போய்ச் சேரும் ஜீவன். ஆபிட்ஸ் சந்துகளில் இன்றைக்கும் வழி தவறுகிறவனான எனக்கு அதன்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

சோதனை எளிது. ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தால், எல்லாம் சொட்டின் ஓரத்துக்குப் பாயும். திசைகாட்டி முள்ளின் நுனிபோல வடக்கு தேடுகிறவை; எதிர் முனைதான் ஈர்க்கும் என்பதால் காந்தத்தின் தென் முனையில்தான் மொய்க்க வேண்டும். எங்களிடம் இருந்தது பள்ளிக்கூடங்களில் இருக்குமே, அந்தச் சட்டக் காந்தம். சிவப்பு வடக்கு, நீலம் தெற்கு.

வசுமதி என்னிடம் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தாள். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஒருநாள் நோட்டை நீட்டினாள்.

"சார், எல்லாம் சிவப்புப் பக்கம் போகுது."

"போகாதும்மா. ஸ்லைடைத் திருப்பி வச்சிருப்ப."

"நக்கோ சார், அப்படி இல்ல, நாலு தடவ பாத்துட்டேன். நீங்களே வந்து பாருங்க."

"ஏன், இந்த ஊர் டிராஃபிக்ல அதுங்களுக்கும் வழி மறந்துபோச்சா?"

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் போய்ப் பார்க்கவும் இல்லை.

அவளுக்கு இன்னொரு வருடம் வேலை நீட்டிப்புத் தரலாமா என்று ஆய்வகத்தின் குழு என்னிடம் கேட்டிருந்த நேரம். 'கவனம் போதாது, பதிவுகளை நம்ப முடியவில்லை' என்று எழுதி அனுப்பினேன்.

சில நாள் கழித்து இழுப்பறையில் எதையோ தேடினேன். அந்தச் சட்டக் காந்தம் இன்னொரு காந்தத்தோடு ஒட்டிக் கிடந்தது. என் தம்பி மகன் பழுதான ஹார்ட் டிஸ்கைப் பிரித்து எடுத்துத் தந்தது அது. விரலை நசுக்கிவிடும் வலு. பீரோ கதவில் காகிதம் ஒட்டவைக்க உதவும் என்று நான்தான் அந்த இழுப்பறையில் போட்டிருந்தேன். சட்டக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். ஆடி அடங்கியபோது சிவப்பு முனை தெற்கே நின்றது. பெரியது சின்னதன் முனைகளையே மாற்றிவிட்டிருந்தது. பாக்டீரியாக்கள் சரியாகத்தான் போயிருக்கின்றன. வசுமதியும் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். பெயிண்ட்டை நம்பியவன் நான்.

குழு கூடுவதற்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. ஒரு தாள் எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. காந்தத்தை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாதவர் என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்ற பயம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. வசுமதிக்கு வேலை போயிற்று.

பத்து வருடம் கழித்து, மெட்டுகுடாவில் ஒரு கல்யாண மண்டபத்தில் தமிழ்க்காரர்கள் நடத்திய பொங்கல் விழா. "ஹவ், ஆமா, சாரேதான்!" என்று ஒரு குரல். வசுமதி. பக்கத்தில் அவள் மகள், "எவரம்மா ஈயன?" என்று, நான் யார் என்பதைத் தெலுங்கில் கேட்டாள். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. காந்தம் முனை மாறியிருந்ததை நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

"தெரியும் சார். கடைசி நாள் காம்பஸ் வச்சுப் பாத்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா மட்டும் வந்து பாத்திருப்பீங்களா?"

அவளே தொடர்ந்தாள்: "இப்ப மாதாப்பூர்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங். அங்கயும் தப்புன்னு சொன்னா மொதல்ல என்னத்தான் சந்தேகப்படுவாங்க. பழகிடுச்சு. ஆனா அப்பா இன்னும் நான் கவனமில்லாம வேலைய விட்டுட்டேன்னு நெனச்சிட்டிருக்காரு. அதோ பந்தில உக்காந்திருக்காரு. அவர்கிட்ட சொல்லுங்க, போதும்."

ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காது மந்தம். மெதுவாகச் சொன்னேன். "ஆங்?" என்றார். இன்னும் கொஞ்சம் உரக்க. "ஆங்?" வேறு வழியில்லாமல் கத்தினேன்: "காந்தம் தலைகீழா இருந்துச்சு! தப்பு என்னோடது! உங்க பொண்ணு சரியாத்தான் பாத்தா!"

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். சாம்பார் வாளி வந்ததும் அவர்களும் இலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

பெரியவர் மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னை. "இதச் சொல்ல உமக்குப் பத்து வருஷமா?" என்றார். பக்கத்து நாற்காலியைத் தட்டி, "உக்காரும், சாப்பிடும்." உட்கார்ந்தேன். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அப்படிப் பசித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. மெட்ரோ ரயிலுக்காகச் சாலையை அகலப்படுத்தியபோது மண்டபமும் போய்விட்டது. அன்று அந்தப் பந்தியில் இருந்தவர்கள் யாருக்கும் நான் கத்தியது நினைவிருக்காது. பத்து வருடம் நான் பயந்துகொண்டிருந்த சிரிப்பு அவ்வளவு நேரம்தான் இருந்தது.