புது ரப்பர் வாடை

செய்தி வந்தபோது மணி பதினொன்று நாற்பது. நூலகத்தில் புத்தகம் வழங்கும் மேசையில் உட்கார்ந்து அவள் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். போனில் மாடி வீட்டு அக்கா.

"உடனே கிளம்பி வாம்மா. உங்க சமையலறைல தீப்பிடிச்சு..."

"ஜன்னல் திறந்திருந்துச்சா அக்கா?"

வீட்டில் இருந்த கணவருக்கு என்ன ஆச்சு என்று கேட்க வேண்டியவள் ஜன்னலைப் பற்றிக் கேட்கிறாள்.

அவள் கணவர் பெயின்ட் மில்லில் கலவைப் பிரிவு மேஸ்திரி. இருபத்தாறு வருஷ சர்வீஸ். அங்கே அவருக்குப் பெயர் மூக்கு. டிரம் மூடியைத் திறந்தால் பத்தடி தள்ளி நின்றே எந்தக் கலவை, எத்தனை நாள் பழசு என்று சொல்லிவிடுவார். தின்னர் கசிந்ததை இரண்டு முறை, அபாய மணி அடிக்கும் முன்பே கண்டுபிடித்து எல்லோரையும் வெளியே விரட்டியிருக்கிறார். அதிலிருந்து மேனேஜரே, "மூக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார்.

நாலு மாதத்துக்கு முன் மில்லைப் பழுதுபார்க்கப் போகிறோம் என்று கேட்டில் ஒரு தாளை ஒட்டிப் பூட்டிவிட்டார்கள். முதல் வாரம் தூங்கினார். இரண்டாவது வாரம் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். மூன்றாவது வாரம் சமையலறைக்குள் நுழைந்தார்.

"நீ இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டது போதும். இனிமே அடுப்பு என் டிபார்ட்மென்ட்."

"சரி. பாத்திரம் கழுவறது?"

"அது கான்ட்ராக்ட். உனக்குத்தான் குடுத்திருக்கேன்."

சமையலையும் அவர் கலவை போடுவது போலவே கற்றுக்கொண்டார். ஒரு நோட்டு, ஒரு கைக்கடிகாரம். 'வெங்காயம்: நாலாவது நிமிஷம் சத்தம் அடங்கும். ஆறாவது நிமிஷம் நிறம் மாறும்.' 'ரொட்டி மாவு: உப்பும்வரை காற்று படக்கூடாது. ஜன்னலை மூடவும்.' வாரம் ஒரு மரவேலை வேறு. முதலில் கத்தி செருக ஒரு கட்டை, அப்புறம் அலமாரி. கடைசியில் பெரிய திட்டம்: பின்பக்க ஜன்னலோரம் புது மேடை கட்டி, அடுப்பை அங்கே மாற்றுவது. வேலை முடிந்து களைத்து வருகிறவளுக்குச் சூடாக ரொட்டி காத்திருந்தது. கொடுத்துவைத்தவள் என்று நூலகத்தில் பொறாமைப்பட்டார்கள்.

ஒன்று மட்டும் அவளுக்கு உறுத்தியது. முன்பெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மாடியில மீன் பொரிக்கிறாங்க" என்பார். இப்போது சொல்வதேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் நண்பர் டிரம் வந்தார். பேருக்கேற்ற உருவம். கூடத்தில் அவர் பேசிக்கொண்டிருக்க, உள்ளே அடுப்பில் வெங்காயம்.

"டேய் மூக்கு, என்னமோ தீயுதுடா!"

இவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு."

"உன் வாட்சுக்கு இருக்கும்டா. வெங்காயத்துக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு!"

ஓடினார். திரும்பி வந்து, "வேணும்னுதான் கருக விட்டேன். அதுல ஒரு ருசி இருக்கு. உனக்கெங்க தெரியப்போகுது?" என்றார். டிரம் வயிறு குலுங்கச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை, கெட்டுப்போன பாலை ஒரு டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

"நல்லா இருக்கான்னு பாருங்க."

கண்ணை மூடி, மில்லில் இழுப்பது போலவே நிதானமாக மூச்சை இழுத்தார். "இப்பதான் கறந்த மாதிரி இருக்கு."

அவர் திரும்பிய நேரத்தில் பாலைத் தொட்டியில் கொட்டினாள்.

அன்றைக்கே கேட்டிருக்கலாம். ஆனால் மில்லிலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான். பழைய ஆட்கள் போனில், "மூக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால் முகம் மலர்ந்துவிடும். மில் திறந்தாலும் மூக்கில்லாதவரைக் கலவைப் பிரிவில் யார் சேர்ப்பார்கள்? தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். அவர் மறைத்தார், மறைப்பது தெரியாதவள் போல இவள் நடந்துகொண்டாள். மேடை வேலை முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் பக்குவமாகச் சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று நாள் குறித்துக்கொண்டாள்.

புதன்கிழமை மேடை முடிந்தது. வியாழன் காலை அடுப்பைத் தூக்கி வைத்து, நீளமாகப் புதுக் குழாய் மாட்டினார். சாப்பாட்டு டப்பாவை எடுக்க உள்ளே போனவள் நின்றாள். நூல் மாதிரி மெல்லிசாக ஒரு வாடை.

"ஏங்க, கேஸ் வாடை மாதிரி இல்ல?"

அவர் குனிந்தார். குழாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, கண்ணை மூடி, நீளமாக மூச்சை இழுத்தார்.

"கேஸ் இல்ல. புது ரப்பர் வாடை. ரெண்டு நாள்ல போயிடும்."

உங்களுக்குத்தான் எந்த வாடையும் தெரியாதே. சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நிமிர்ந்தவர் முகத்தில் பழைய மேஸ்திரியின் நிச்சயம். அதைப் பார்த்ததும் சொல்லை விழுங்கினாள். ரப்பராகவே இருக்கட்டும் என்று தோன்றியது. தோன்றியதும், வாடை கொஞ்சம் குறைந்த மாதிரிகூட இருந்தது.

"எதுக்கும் சோப்புத் தண்ணி தடவிப் பாத்துடுங்க. குழாயை இறுக்குற கிளாம்பு ரெண்டு பக்கமும் போட்டாச்சுல்ல?"

"மேஸ்திரிக்கே மேஸ்திரி வேலை பாக்குறியா? கிளம்பு, பஸ்ஸை விட்டுடப் போற. சாயங்காலம் புது மேடைல முதல் ரொட்டி."

அவள் ஜன்னலை அகலத் திறந்து கொக்கி மாட்டிவிட்டுக் கிளம்பினாள். தெருமுனை திரும்பும்போதுதான் ரொட்டி மாவு ஞாபகம் வந்தது. காற்று படக்கூடாது. நோட்டில் அவர் கையெழுத்தில் அவளே படித்திருக்கிறாள். நின்றாள். வீட்டுக்குத் திரும்பிப் போனால் என்ன சொல்வது? அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டாள்.

"மூடியிருந்துச்சும்மா," என்றாள் போனில் அக்கா. "எல்லாம் மூடித்தான் இருந்துச்சு."

அவர் மாலை நாலு மணிவரை ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்குமேல் இல்லை.

மில் ஆட்கள் திரண்டு வந்தார்கள். வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, விஷயம் பிடிபடாமல் திரும்பத் திரும்பப் பேசினார்கள்.

"பத்தடி தள்ளி நின்னே சொல்ற மனுஷன். அந்த மூக்குக்குத் தெரியாம கேஸ் கசியுமா?"

"அதானே. எனக்கும் நம்ப முடியல."

டிரம் மட்டும் அவளைப் பார்த்தார். வெங்காயம் தீய்ந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். "தங்கச்சி..." என்று தொடங்கினார். அவள் எழுந்து உள்ளே போனாள்.

பத்து நாள் கழித்துச் சமையலறையைக் கழுவிச் சுத்தம் செய்தவரும் டிரம்தான். குழாயில் ரெகுலேட்டர் பக்கம் கிளாம்பு சரியாக முறுக்கியிருந்தது. அடுப்புப் பக்கம் கிளாம்பே இல்லை. பின்படியில் தீ படாமல் கிடந்த ஆணி டப்பாவை அவளிடம் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே கடைக்காரர் போட்டுக் கொடுத்த காகித உறை, அதில் இன்னொரு கிளாம்பு. அதன் திருகாணியை ஒரு சுற்றுக்கூடச் சுற்றியிருக்கவில்லை.