மூலைக்குத் தள்ளிய பெட்டி

அன்புசெல்வனை அடித்தவர்களில் பாதிப்பேர் அதற்கு முந்தின நாள்வரை என் கேண்டீனில் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு நாஷ்டா தின்றவர்கள். கொதிக்கிற சாம்பார்க் கரண்டியோடு நான் நடுவில் புகுந்திருக்காவிட்டால் பிணம்தான் விழுந்திருக்கும்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில் அது. 2006 என்று ஞாபகம். அன்பு ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் விளைவிக்கிற வீட்டுப் பிள்ளை. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவன். வாய் மட்டும் சும்மா இருக்காது. "மரியம்க்கா, உன் இட்லிய உள்ள போட்டா ரோலரே நின்னுடும்" என்பான். அடிக்கக் கையை ஓங்குவேன். சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு கேட்பான்.

ரோலர் கீழே ஷெட்டில் இருந்தது, அதன் ஸ்விட்ச் மாடி அறையில். ரோலருக்குள் கைவிட்டு வேலை பார்க்கும்போது ஸ்விட்ச் பக்கத்தில் ஓர் ஆள் காவல் நிற்பது வழக்கம். மேனேஜர் வீரராகவனுக்கு அந்த ஆள் தண்டம் என்று பட்டது. அன்புவைக் கொண்டு ஷெட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தான். திரை பச்சையாக இருந்தால் கைவிடலாம். மாடியில் ரோலரை ஓட்டப் போகிறார்கள் என்றால் முன்கூட்டியே திரை சிவப்பாகும், கையை எடுத்துவிட வேண்டும். அதோடு காவல் ஆள் போனான்.

எண்ணெய் குறைந்தால் அந்தத் திரையில் ஒரு சின்னப் பெட்டி குதித்து எழும். அன்பு அதைப் புதிதாகச் செய்யவில்லை. அந்தத் திரை ஓடுகிற பிரௌசருக்குள்ளேயே இருக்கிற பெட்டிதான், ஒரு வரி எழுதினால் தானாக வரும். 'ஓகே'யை அமுக்கினால் போய்விடும். அமுக்கியவன் யார் என்று வீரராகவன் கண்டுபிடித்து, "பாத்துட்டுத்தானடா அமுக்குன, எண்ணெய் ஊத்த இன்னா கேடு?" என்று தாயைத் திட்டுவான். அதனால் எங்கள் ஷெட்டில் எவனும் அதை அமுக்கமாட்டான். மௌஸால் பிடித்துத் திரையின் கீழ்மூலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஓரம் மட்டும் தெரியும். யாரும் பார்க்கவில்லை என்று கணக்கு.

அன்றும் அப்படித்தான் தள்ளியிருந்தார்கள். ரோலரில் சிக்கிய கம்பியை எடுக்க ஃபிட்டர் ஜெயராஜ் கையை உள்ளே விட்டிருந்தான். அவனோடு வேலை பார்க்கும் தாஹா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை. பச்சையாக இருக்கும்போதே ரோலர் சுழன்றது. ஜெயராஜின் அலறல் கேண்டீன்வரை வந்தது. நான் ஓடிப்போய்ப் பார்க்கையில் வலது கை முழங்கைக்குக் கீழே சதையும் எலும்புமாக நசுங்கிக் கிடந்தது. அல்லாவே! மனிதனை வெளியே இழுத்தார்கள், கை வரவில்லை.

அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய கையோடு வீரராகவன் எல்லோரையும் கேண்டீனில் கூட்டினான். "குடிச்சிட்டு கைய வுட்டிருக்கான். ஸ்கிரீன் சிவப்பாத்தான் இருந்திருக்கும்" என்றான். ஜெயராஜ் மோரைத் தவிர வேறெதையும் தொடாதவன். இந்தப் பழி நிலைத்தால் கையோடு வேலையும் போகும்.

"சொல்லுப்பா அன்பு, உன் ஸ்கிரீன்ல ஒண்ணும் கோளாறு இல்லதானே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்பு தப்பித்தான்.

"ஜெயராஜ் அண்ணன் மேல தப்பு இல்ல சார். இப்பத்தான் போய்ப் பாத்தேன், பொட்டி மூலையில கெடக்குது. அது தொறந்துகினு இருந்தா, ஓகே குடுக்கற வரைக்கும் மத்தது எல்லாம் நின்னுடும். கலரும் மாறாது. அது எனக்குத் தெரியும். அமுக்காம வுடுவாங்கன்னுதான் தெரியாது."

"தெரியுமாடா உனுக்கு?" தாஹா எறிந்த டம்ளர் அன்புவின் புருவத்தைக் கிழித்தது. அப்புறம் எல்லோரும் பாய்ந்தார்கள். பெஞ்சைத் தூக்கி முதுகில் அடித்தார்கள், விழுந்தவனை பூட்ஸ் காலால் மிதித்தார்கள். என் தரையெல்லாம் ரத்தம். பையன் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. நான் கரண்டியை வீசினேன். தாஹாவின் மணிக்கட்டு வெந்தது.

"பொட்டிய மூலைக்குத் தள்ளுனது எவன்டா? இவனா? காவலுக்கு நின்னவன வூட்டுக்கு அனுப்புனது எவன்டா? அதோ நைஸா நழுவறான் பாரு, ஆம்பளைங்களா இருந்தா அவன் காலரப் புடிங்கடா!" என்று கத்தினேன்.

பிடித்தார்கள். வீரராகவனின் மூக்கு அன்று உடைந்தது. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

அத்தனை பேர் கேட்ட பிறகு குடித்தான் என்ற கதை எடுபடவில்லை. ஜெயராஜின் வேலை தப்பியது. மாடி ஸ்விட்சுக்கு இனி அவனே காவல் என்றார்கள். அன்பு விலா எலும்பு இரண்டு முறிந்து கிடந்து, எழுந்து வந்ததும் முதல் வேலையாக அந்தப் பெட்டியை எடுத்தான். எண்ணெய் எச்சரிக்கை திரையிலேயே ஒரு வரியாகத் தெரியும்படி எழுதினான். மாடியிலிருந்து சேதி வருவது நின்றால் திரை தானாகச் சிவப்பாகும்படி மாற்றினான்.

காயம் ஆறி ஜெயராஜ் வேலைக்கு வந்த அன்று நேராகக் கேண்டீனுக்குள் நுழைந்தான். அன்பு எழுந்து நின்றான். ஜெயராஜ் இடது கையால் அவனுக்கு ஓர் அறை விட்டான். குழந்தை அடித்த மாதிரி இருந்தது.

"நோவுதா?"

"இல்லண்ணே."

"சோத்துக் கையா இருந்திருந்தா பல்லு போயிருக்கும்."

சொல்லிவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். இட்லி வைத்தேன். இடது கையில் துண்டு நிற்கவில்லை, மூன்று தரமும் சாம்பாரில் நழுவி விழுந்தது. அன்பு அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். இட்லியைப் பிட்டான், பிசைந்தான், உருட்டி உருட்டி ஓரமாக வைத்து மறுபடி தள்ளினான். அத்தனை அடியிலும் அழாத பயல் இப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். ஜெயராஜ் ஒவ்வோர் உருண்டையாக எடுத்துத் தின்றான்.