ஜெர்மன்காரம்மாவின் அப்பா முகம்

செங்கம் சாலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டு மாடியில் மூன்று வருடம் குடியிருந்த ஜெர்மன்காரம்மா, ஊருக்குத் திரும்பும்போது ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய அப்பா தன் முகத்தைத் தானே மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் அச்சு எடுத்தது. கன்னமெல்லாம் உளி வெட்டு. ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது.

"ஏங்க, இதை வாசல்ல மாட்டினா திருஷ்டிப் பூசணிக்காயே வேணாம்" என்றாள் என் மனைவி. ஆனாலும் ஃப்ரேம் போட்டு வந்ததும் கூடத்தில்தான் மாட்டினாள்.

ஏழு வருடம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா செய்த படங்களையெல்லாம் பட்டியலிடுகிறாராம். இந்தப் படத்தின் வேறு பிரதி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. கீழே பென்சிலில் அப்பாவின் கையெழுத்தும் பிரதி எண்ணும் இருக்கும், நான் குறித்துக்கொள்ள மறந்துவிட்டேன், பார்த்து மதிப்பிடச் சென்னையிலிருந்து ஒரு பெண்மணி வருவார் என்று எழுதியிருந்தார்.

படத்தில் கீழே ஒன்றுமே இல்லை. பழைய டைரியை எடுத்தேன். 'படம் ஃப்ரேமுக்குக் கொடுத்தது. கீழ் ஓரத்தை வெட்டிவிடச் சொன்னேன்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. எங்கள் ஊரில் சாமி காலண்டரை ஃப்ரேம் போடும்போது அடியில் இருக்கும் கடைப் பெயரை வெட்டிவிடுவோம். அதே பழக்கத்தில் சொல்லியிருக்கிறேன்.

வந்த பெண்மணி பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். "மரத்தோட ரேகைகூட விழுந்திருக்கு. அசல் அச்சுதான் சார். சாயல் முக்கியமில்லை, மனசுல இருக்கற கலக்கம் முகத்துல தெரியணும்னு செதுக்கின காலத்துப் பாணி. கையெழுத்து எங்கே?"

டைரியை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "உங்க மேல நீங்களே எஃப்.ஐ.ஆர். போட்டு வெச்சிருக்கீங்களே."

"அவரு அப்படித்தாங்க" என்றாள் மனைவி. "குழம்புல உப்பு ஜாஸ்தியானாக்கூடத் தேதி போட்டு எழுதுவாரு."

எதற்கும் பார்த்துவிடலாம் என்று அந்தப் பெண்மணி ஃப்ரேமின் பின்பக்க ஆணிகளைப் பிடுங்கினார். தாளின் கீழ் ஓரம் வெட்டப்படாமல் உள்பக்கமாக மடிந்திருந்தது. மெதுவாகப் பிரித்தார். கையெழுத்து, பக்கத்தில் ஏழு என்ற எண்.

"மடிப்பு விழுந்ததால மதிப்பு கம்மிதான். பட்டியலுக்கு இது போதும். விக்கற யோசனை இருக்கா?"

"இல்லைங்க" என்றாள் மனைவி, எனக்கு முன்பே.

மறுநாள் படத்தை முன்பு ஃப்ரேம் போட்ட அதே கடைக்கு எடுத்துப் போய், கீழ் ஓரமும் தெரிகிற மாதிரி பெரிய ஃப்ரேம் கேட்டேன். கடைக்காரருக்கு அந்தத் தாள் நினைவிருந்தது. "அவ்ளோ கெட்டிப் பேப்பருங்க. கத்தி வெக்க மனசு வரல. சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னு மடிச்சு உள்ள வெச்சுட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய பக்கத்தைத் திறந்தேன். 'வெட்டிவிடச் சொன்னேன்' என்பதற்குப் பக்கத்தில் 'கடைக்காரர் கேட்கவில்லை' என்று சேர்த்து, அன்றைய தேதியைப் போட்டேன்.